கீழ் வீட்டு நவ்ராட்டில்

டிசம்பர் 21, சனி

பகல் ஒன்றரைக்கு வியன்னா வந்து சேர்ந்தோம். திருச்சியில் ஏறி, துபாயில் இறங்கி ஏறி, வழி முழுக்க மங்கை தூங்கவே இல்லை. ஊரில் பஸ் ஏறினால் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்குள் கண்ணயர்ந்துவிடுகிறவள். மகளைப் பார்க்கப் போகிற ஆவல் என்று நினைத்துக்கொண்டேன். கோதை இங்கே வந்து பதினைந்து மாதம் ஆகிறது. பழைய கட்டிடங்களை இடிக்காமல் பழுது பார்ப்பது எப்படி என்று மேல்படிப்பு படிக்கிறாள்.

விமான நிலையத்தில் கோதையோடு ஒரு வெள்ளைக்காரரும் நின்றார். நல்ல உயரம், நரைத்த மீசை, கட்டம் போட்ட தொப்பி. அறுபதை ஒட்டிய வயது இருக்கும். எனக்கு ஒரு கை கொடுத்தார். மங்கைக்கு இரண்டு கையும் கொடுத்தார். கொடுத்த கையை உடனே எடுக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதியே ஆகவேண்டும். மங்கை அவரிடம் ஜெர்மன் பேசினாள். ஏதோ வணக்கம், நன்றி என்று அல்ல. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் பேசினாள். அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். நான் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யாரும்மா இவரு?" என்று கோதையிடம் கேட்டேன்.

"எங்க கீழ் வீட்டுக்காரர்ப்பா. ஹெர் நவ்ராட்டில். ஹெர்னா நம்ம திரு மாதிரி. டிராம் ஓட்டி ரிட்டயர் ஆனவரு."

நவராத்திரி போல இருக்கிறது பெயர். டிரைவர். என்னிடம் மூன்று பஸ்ஸும் ஏழு டிரைவர்களும் இருக்கிறார்கள். முதலாளி வீட்டுக்கு வந்தால் வாசலோடு நின்று பேசுகிறவர்கள்.

கோதை ஒரு பெட்டியைத் தூக்கப் போனாள். அந்த மனிதர் பாய்ந்து வந்து அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் கைப்பந்து ஆடிய பெண். அவளால் ஒரு பெட்டி தூக்க முடியாதா?

கோதையோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் பெண் பண்டிகைக்குச் சொந்த ஊர் போயிருக்கிறாள். அந்த அறை எங்களுக்கு. மூன்றாம் மாடி. நவ்ராட்டில் தரைத்தளத்தில், படிக்கட்டை ஒட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டது.

டிசம்பர் 22, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை இங்கே கடை திறப்பதில்லை. ரயில் நிலையத்தில் மட்டும் ஒரு ரொட்டிக்கடை திறந்திருக்கும் என்று மங்கை சொன்னாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஹெர் நவ்ராட்டில் சொன்னாரு."

ரொட்டிக்கடையில் வரிசையில் நின்று, எது முழுக் கோதுமை, எதில் முட்டை இல்லை என்று கேட்டு வாங்கினாள். கடைக்காரப் பெண் அவளுக்கு நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னாள். என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். மங்கைதான் பதில் சொன்னாள். என்ன கேட்டாள் என்றேன். "பை வேணுமானு கேட்டா" என்றாள். அதற்கு நானே தலையாட்டியிருப்பேன்.

பெரிய தேவாலயத்துக்குப் போனோம். கூரை முழுக்கக் கோலம் போட்டது போல வண்ண ஓடுகள். கோதை எந்தச் சுவர் எந்த நூற்றாண்டில் கட்டியது, போரில் எது எரிந்தது, எதைத் திரும்பக் கட்டினார்கள் என்று விளக்கினாள். கேட்கப் பெருமையாக இருந்தது. வாசலில் குதிரை வண்டிகள். குதிரைக்குக் கம்பளி போர்த்தியிருக்கிறார்கள். எனக்கு இரண்டு ஸ்வெட்டர், ஒரு கோட்டு, குரங்குக் குல்லா எல்லாம் போட்டும் பல் கிட்டியது.

இந்த ஜெர்மன் எப்போது வந்தது என்று மத்தியானம் மங்கையிடம் கேட்டேன். கோதை இங்கே வருவதற்காக ஒன்றரை வருடம் தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டரில் ஜெர்மன் வகுப்பு படித்தாள். கூடத்தில் நான் செய்தி பார்ப்பதால் சமையலறையில் உட்கார்ந்து படிப்பாள். மங்கை காய் நறுக்கியபடி கேட்டிருக்கிறாள். பிறகு இவள் கேள்வி கேட்க, அவள் பதில் சொல்ல என்று பழகியிருக்கிறார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"நீங்க செய்தி பாத்துட்டு இருந்தீங்க."

ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றரை வருடம் நடந்திருக்கிறது.

இன்று ஹெர் நவ்ராட்டில் என்ற பெயர் பதினோரு தடவை காதில் விழுந்தது.

டிசம்பர் 23, திங்கள்

குளிர். அதிகம் பேசவில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

இங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்தான் விசேஷம். மத்தியானத்தோடு கடைகளை அடைத்துவிட்டார்கள். மூன்று மணிக்கு நவ்ராட்டில் மேலே வந்தார். பிறை வடிவத்தில், மேலே சர்க்கரை தூவிய பிஸ்கட் ஒரு டப்பா நிறைய. அவரே செய்தாராம். வாயில் போட்டதும் கரைந்தது. இரண்டுதான் எடுத்தேன்.

மங்கை பெட்டியைத் திறந்து ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்து அவரிடம் கொடுத்தாள். எலுமிச்சை ஊறுகாய். கோதைக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"காரம் தாங்குவாரா?" என்று கேட்டேன்.

"இதுல காரம் இல்லைங்க. அவருக்குன்னு தனியா போட்டது."

கார்த்திகை மாதம் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு ஜாடி காய்ந்துகொண்டிருந்தது நினைவிருக்கிறது. ஏன் இரண்டு என்று கேட்டதற்கு, "ஒண்ணு காரம் கம்மி" என்றாள். எனக்கு அல்சர் இருப்பதால் எனக்கென்று நினைத்து மனதுக்குள் குளிர்ந்துபோனேன். அந்த ஜாடி எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஒரு டிராம் டிரைவருக்காம்.

அவர் போனபின் மங்கை குளிக்கப் போனாள். அவள் போன் கட்டில்மேல் கிடந்தது. கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவள் போனை நான் எடுத்துப் பார்த்ததில்லை. இன்று மணி பார்க்கலாம் என்று எடுத்தேன். சுவரில் கடிகாரம் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

'நவ்ராட்டில் சார்' என்று பதிந்திருக்கிறாள். முதல் அழைப்பு அக்டோபர் 26. அதன்பிறகு பத்து நாள் தினமும். ஒரு நாளில் மூன்று தடவைகூட. பிறகு வாரம் ஒன்று. அக்டோபர் 31 தீபாவளி. அன்று காலை நாற்பத்தொரு நிமிடம்.

அந்தத் தீபாவளியை யோசித்துப் பார்த்தேன். தலைவலி என்று புதுப்புடவை கட்டவில்லை. அதிரசம் எல்லாம் கருகிவிட்டது. கோதையை வீடியோவில் கூப்பிடலாம் என்றதற்கு, அவள் போனில் கேமரா உடைந்துவிட்டது என்றாள். குரலை மட்டும் கேட்டேன். இருமல் வந்தவள் போல மெதுவாகப் பேசினாள். எனக்கு அன்று பஸ்களில் கூட்டம். அதிகம் கவனிக்கவில்லை.

நாற்பத்தொரு நிமிடம். என்னோடு அவள் சேர்ந்தாற்போல நாற்பத்தொரு நிமிடம் பேசிய நாள் எது என்று தேடிப் பார்க்கிறேன். அகப்படவில்லை.

டிசம்பர் 25, புதன்

அரண்மனை பார்க்கப் போனோம். மஞ்சள் நிறம், ஆயிரத்துக்கு மேல் அறைகள். பின்னால் தோட்டம், அதற்கு அப்பால் ஒரு குன்று, குன்றின்மேல் ஒரு மண்டபம். அங்கிருந்து ஊர் முழுக்கத் தெரியுமாம். பாதி ஏறும்போதே கோதை ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வலப்பக்க வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். மங்கை ஓடிப்போய் அவளிடம் குனிந்து ஏதோ கேட்டாள். ஜெர்மனில். அவளும் ஜெர்மனில் பதில் சொன்னாள்.

"ஏன், தமிழ் மறந்து போச்சா ரெண்டு பேருக்கும்?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா. காலைல சரியா சாப்பிடல."

இந்த வயதில் ஒரு மேடு ஏற முடியவில்லை. நான் தனியாக மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பனிமூட்டம், ஊர் தெரியவில்லை.

கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும்போதும் இப்படித்தான் உடம்பைக் கவனிக்கவில்லை. டெங்கு வந்தது. சேதி தெரிந்த அன்றே காரை எடுத்துக்கொண்டு போய், வார்டனோடு சண்டை போட்டு, வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். திரும்ப அனுப்பவில்லை, அந்த வருடம் போயிற்று. அழுதாள். அதனால் என்ன, பிள்ளை கண்முன்னால் இருந்தாள். இங்கே அனுப்பும்போதும் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினேன். ஏதாவது ஒன்று என்றால் அடுத்த விமானத்தில் ஊர்.

டிசம்பர் 27, வெள்ளி

நவ்ராட்டில் எங்களை டிராமில் கூட்டிப் போனார். தாம் முப்பத்து நான்கு வருடம் ஓட்டிய தடமாம். ஏறியதும் ஓட்டுகிற பெண் அவரைப் பார்த்துக் கை தூக்கினாள். இவர் ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகக் காட்டினார். நாடக அரங்கம், பாராளுமன்றம், அரசர் இருந்த மாளிகை. அவர் சொல்ல மங்கை எனக்குத் தமிழில் சொன்னாள். பாதி வழியில் தமிழில் சொல்வது நின்றுபோனது. அவர்கள் மட்டும் பேசிக்கொண்டார்கள்.

தண்டவாளத்தில் போகிற வண்டி. ஸ்டியரிங்கே கிடையாது. வளைக்கிற வேலை தண்டவாளத்துடையது. இதை ஓட்டுவதில் என்ன வித்தை இருக்கிறது என்று கோதையிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஒன்றை மட்டும் நியாயமாக எழுதவேண்டும். ஒரு நிறுத்தத்தில் கைத்தடியோடு ஒரு அம்மாள் ஏறினார். நவ்ராட்டில் எழுந்து போய், அந்த அம்மாள் உட்காரும் வரைக்கும் கதவருகில் நின்று, உட்கார்ந்த பிறகே தம் இடத்துக்கு வந்தார். என் டிரைவர்களுக்கு இதைத்தான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

படிக்கட்டில் இறங்கும்போது கீழே மங்கையும் அவரும் பேசுவது கேட்டது. முதல் மாடித் திருப்பத்தில் நின்றுகொண்டேன். ஒட்டுக்கேட்பதற்கு மொழி வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. 'ஃபாட்டர்'. அவர் அழுத்தி அழுத்திச் சொன்னார். மங்கை "நைன், நைன்" என்றாள். அது இல்லை என்பது இதற்குள் எனக்கே தெரியும்.

மேலே வந்து போனில் தேடினேன். ஃபாட்டர் என்றால் அப்பா. கோதையின் அப்பா. நான்தான்.

என்னைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர் என்னைப் பற்றி எதையோ சொல்ல, இவள் மறுக்கிறாள். என் மனைவியிடம் என்னைக் குறை சொல்லுகிற அளவுக்கு ஆகிவிட்டது.

சாப்பாடு இறங்கவில்லை. அல்சர் என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 31, செவ்வாய்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

வருடக் கடைசி நாளில் இங்கே நடுத்தெருவில் நடனம். நகரின் நடுவில் ஓர் அகலமான கடைத்தெரு, அதில் மேடை போட்டு, மத்தியானத்திலிருந்தே யார் வந்தாலும் ஜோடி நடனம் சொல்லித்தருகிறார்கள். மேலே சரவிளக்குப் போல அலங்கார விளக்குகள். நாங்கள் நாலு பேரும் போயிருந்தோம். நான்காவது யார் என்று எழுத வேண்டியதில்லை.

நவ்ராட்டில் முதலில் என்னிடம்தான் வந்தார். என்னையும் மங்கையையும் காட்டி, ஆடுங்கள் என்று கையால் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். மங்கை என்னைப் பார்த்தாள். "ஒரு தடவைங்க" என்றாள். நம் வயதுக்கு இது என்ன கூத்து என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மங்கை முன் கையை நீட்டினார். என்னைத் திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள்.

சுடிதார்மேல் கோட்டும், கோதையின் பழைய பூட்ஸும். ஒன்று இரண்டு மூன்று என்று உதடு எண்ணுவது எனக்குத் தெரிந்தது. முதல் சுற்றில் இரண்டு தடவை அவர் காலை மிதித்தாள். மூன்றாம் சுற்றில் எண்ணுவதை விட்டுவிட்டாள். முகம் எப்படி இருந்தது என்றால், எனக்குத் தெரிந்த மங்கைக்கு முன்னால் இருந்த ஒருத்தியின் முகம்போல இருந்தது. அவளை நான் பார்த்ததில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"தீபாவளி அன்னைக்கு நாப்பத்தொரு நிமிஷம் இந்தாளோட என்ன பேசினே?"

சத்தமாகத்தான் கேட்டேன். சுற்றி நின்றவர்களுக்குப் புரியவில்லை. சில பேர் சிரித்தபடி எங்களைத் தாண்டிப் போனார்கள். மங்கையின் முகத்தில் பயம் இல்லை. சோர்வு இருந்தது.

"என் போனைப் பாத்தீங்களா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

கோதைதான் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "அப்பா. என்னைப் பத்தித்தான் பேசினாங்க. வாங்க, உக்காந்து சொல்றேன்."

பக்கத்தில் ஒரு காபிக் கடை. நவ்ராட்டில் உள்ளே வரவில்லை. வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோதை சொன்னாள். அக்டோபர் 26, சனிக்கிழமை. இரண்டு நாளாக வயிற்று வலி, சூட்டு வலி என்று விட்டுவிட்டாள். காலையில் மருந்துக்கடைக்குப் போகலாம் என்று இறங்கியவள், கடைசிப் படியில் விழுந்துவிட்டாள். நவ்ராட்டில் பால் வாங்கக் கதவைத் திறந்திருக்கிறார். ஆம்புலன்ஸை வரவழைத்துக் கூடவே போயிருக்கிறார். குடல்வால் வெடித்துவிட்டது. வயிற்றைக் கிழித்து ஆபரேஷன். பிறகு காய்ச்சல் விடாமல் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில். கூட இருக்கும் பெண் அப்போதும் ஊரில் இல்லை. தினமும் அவர்தான் போய் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் வராது. கோதை கொடுத்த எண்ணில் மங்கைக்குப் போன் போட்டு, டாக்டர் சொன்னதை எளிய ஜெர்மனில், பொறுமையாக, புரிகிற வரை சொல்லியிருக்கிறார்.

"தீபாவளி அன்னைக்குத்தான் காய்ச்சல் ரொம்ப ஜாஸ்தி" என்றாள் மங்கை. "திரும்பத் திறக்கணுமோன்னு டாக்டர் யோசிச்சாராம். அதைத்தான் கேட்டுட்டிருந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மங்கை நேராக என்னைப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். கோதைக்கும் தெரியும். காபி ஆறிப்போயிற்று.

ஜனவரி 1, புதன்

வெளியே போகவில்லை.

அதிரசம் கருகிய அன்று, "கவனத்தை எங்க வெச்சிருக்கே?" என்று கேட்டேன். மங்கை அடுப்பைத் தணித்தாள். கருகியதை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, அடுத்ததைத் தட்டிப் போட்டாள். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தட்டில் வைத்து அனுப்பினாள். மகள் பிழைப்பாளா என்று தெரியாத காலையில்.

பொறாமை போயிருக்க வேண்டும் அல்லவா? அந்த ஆள் நல்லவர். என் மகள் உயிரோடு இருப்பது அவர் பால் வாங்கக் கதவைத் திறந்ததால். கோயிலுக்குப் போனால் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்ய வேண்டியவன் நான்.

போகவில்லை. நேற்றுவரை மனைவிக்காக எரிந்தேன். அது இதைவிட லேசாக இருந்தது. ஒன்பது நாள் ஒரு நாற்காலி இருந்திருக்கிறது, என் மகள் கட்டிலுக்குப் பக்கத்தில். அதில் உட்கார்ந்தவர் அவர். எனக்கு அப்படி ஒரு நாற்காலி இருந்ததே தெரியாது.

மத்தியானம் கோதை கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். "தழும்பு பெருசாம்மா?" என்று கேட்டேன். விரலால் அளவு காட்டினாள். என் கைவிரல் நீளம் இருக்கும். பார்க்கவேண்டும் போல இருந்தது. வளர்ந்த பெண்ணிடம் எப்படிக் கேட்பது?

ஜனவரி 2, வியாழன்

காலை பத்து மணிக்கு நானாகவே கீழே போய் நவ்ராட்டில் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவர் என்னைப் பார்த்தார். உள்ளே வழிவிட்டார். உட்கார்ந்த பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அவர் சாளரத்தைக் காட்டி, "கால்ட்" என்றார். குளிர் என்று அர்த்தம். நான் தலையாட்டினேன். இப்படி ஐந்து நிமிடம் போனபின் மங்கை தேடிக்கொண்டு வந்துவிட்டாள்.

"கேளு" என்றேன். "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு முழுசா சொல்லச் சொல்லு. எனக்கு அவர் வாயால கேக்கணும்."

அவர் மெதுவாகச் சொன்னார். மங்கை ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னாள். ஆம்புலன்ஸில் கோதை அவர் கையை விடவில்லை. முதலில் அவளும் ஜெர்மனில்தான் பேசினாள். வலி ஏற ஏற அது நின்றுபோய் அவள் மொழிக்குப் போய்விட்டாள். அவருக்குப் புரியவில்லை.

"என்ன சொன்னாளாம்? ஏதாவது ஞாபகம் இருக்கானு கேளு."

அவர் யோசித்தார். பிறகு எனக்கு நேராகவே சொன்னார். "அம்மா. அம்மா, அம்மா."

வலித்தால் எல்லோரும் அதைத்தான் சொல்வோம். எனக்கும் தெரியும். ஆனாலும் வேறு ஏதாவது சொன்னாளா என்று இன்னொரு தடவை கேட்கச் சொன்னேன். மங்கை கேட்கவில்லை.

அப்புறம் அவர் கொஞ்சம் சத்தமாக, ஒரு விரலை மேசைமேல் குத்திக்குத்தி ஏதோ சொன்னார். ஃபாட்டர் என்ற சொல் வந்தது.

"என்ன சொல்றாரு?"

முந்தானை இல்லாத உடுப்பில் மங்கை கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டாள்.

"மொத நாள்லேர்ந்து ஒவ்வொரு போன்லயும் அவர் இதைத்தான் கேட்டாரு. அப்பாகிட்ட சொல்லிட்டீங்களான்னு. சொல்லுங்க, அவருக்குத் தெரியணும்னு. நாந்தான் முடியாதுன்னேன். நீங்க வந்த பிறகும் சொல்லச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் கேக்கல."

அவர் இன்னும் ஒரு வாக்கியம் சொன்னார். மங்கை அதையும் சொன்னாள். அவருக்கு லின்ஸ் என்ற ஊரில் ஒரு மகன் இருக்கிறானாம். கல்யாணம் நடந்ததே ஆறு மாதம் கழித்துத்தான் இவருக்குத் தெரியுமாம்.

மங்கை நினைத்திருந்தால் அவர் சொல்லச் சொன்னதை, தான் மறுத்ததை எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே ஆள் அவள்தான். தன்மேல் விழுகிற பழியை அவளே ஒவ்வொரு சொல்லாக எடுத்து என் கையில் வைத்தாள்.

நன்றி என்பதற்கு இங்கே என்ன சொல் என்று எனக்குத் தெரியும். பத்து நாளில் காதில் விழுந்தபடியே இருந்த சொல். வாயில் வரவில்லை. எழுந்து நின்று, நம் வழக்கப்படி இரண்டு கையையும் கூப்பினேன். அவரும் எழுந்து, சரியாக வராமல், விரல்கள் ஒன்றையொன்று தேட, கூப்பினார்.

படியேறும்போது மங்கையிடம் கேட்டேன். "ரொம்பப் பயந்தியா?"

"உங்களுக்குத் தெரியாம அழறதுதான் கஷ்டமா இருந்துச்சு" என்றாள். "பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுக்குவேன்."

மூன்றாம் மாடிவரை அவளுக்கு முன்னால் போகாமல் சேர்ந்து ஏறினேன்.

ஜனவரி 4, சனி

விமான நிலையம். நவ்ராட்டில் வரவில்லை. வீட்டார் மட்டும் இருக்கட்டும் என்று கோதையிடம் சொல்லியனுப்பிவிட்டாராம். அவர் வந்திருக்கலாம் என்று தோன்றியது. வராதது நிம்மதியாகவும் இருந்தது.

மங்கை கழிப்பறைக்குப் போனபோது கோதையிடம் சொன்னேன்.

"இனிமே ஏதாச்சும்னா எங்கிட்டயும் சொல்லும்மா."

"கத்துவீங்களேப்பா."

"கத்துவேன். கத்தி முடிக்கிற வரைக்கும் போனை வெச்சுடாத. அப்புறம் கேப்பேன்."

"ஊருக்கு வானு சொல்வீங்க."

"சொல்வேன்" என்றேன். "நீ வர மாட்டேன்னு சொல்லு."

அவள் என் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் கூட்டம் முடிந்தது. மூன்றாவது பஸ்ஸுக்கு கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டும்.

பகல் பன்னிரண்டரைக்கு ஷெட்டில் இருந்தபோது கோதையிடமிருந்து போன். எப்போதும் மங்கையின் போனுக்குத்தான் வரும். எனக்கு வந்ததும் வெளியே ஓடி வந்து எடுத்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டாள். ஒரு பாடத்தில் தேறவில்லை. கட்டிடத்தின் பாரம் எங்கே எப்படி இறங்குகிறது என்கிற கணக்குப் பாடம். அக்டோபரில் தவறவிட்ட வகுப்புகள் எல்லாம் அதில்தான்.

கத்தினேன். நாலு வார்த்தை இருக்கும். அவள் போனை வைக்கவில்லை. மூச்சு விடுவது கேட்டது. நான் நிறுத்தியதும், மார்ச்சில் மறுபடி எழுதலாம் என்றாள். சொல்லித்தர ஆள் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். ராத்திரி சரியாகத் தூங்குகிறாயா என்று கேட்டேன். ஊருக்கு வா என்பது நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிய சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லப்பா. உங்ககிட்டதான் மொதல்ல."

பிள்ளை பரீட்சையில் தோற்றுவிட்டாள் என்ற செய்தியைக் கேட்டுவிட்டு, ஷெட்டிலிருந்து வீடுவரை ஒருவன் எப்படி நடக்க வேண்டுமோ அப்படி நான் நடக்கவில்லை. வழியில் யாரோ, "என்னண்ணே, இன்னைக்கு ஒரே சந்தோஷமா இருக்கீங்க" என்றுகூடக் கேட்டார்.

மங்கை இலை போட்டு வைத்திருந்தாள். முருங்கைக்காய் சாம்பார், வாழைப்பூ வடை. பரிமாறிக்கொண்டே கேட்டாள். "கோதை உங்களுக்கு ஏதாவது போன் பண்ணாளா? ரெண்டு நாளா அவகிட்டேயிருந்து ஒண்ணும் காணோம்."

"பண்ணா" என்றேன்.

"என்ன சொன்னா?"

சொன்னேன். எல்லாவற்றையும், ஒன்று விடாமல் சொன்னேன். ஆனால் ரசம் ஊற்றி, மோருக்கும் சாதம் போடச் சொல்லி, நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்த பிறகுதான் சொன்னேன்.